ஐதராபாத்தின் வைகறை வானும் எரிமீன் நோக்கும்: ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

வானியல் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தொலைநோக்கியின் அளவு, அதனை நிறுவிய ஆண்டு, அதன்வழிக் கண்டறியப்பட்ட பொருள் ஆகியவை அவ்வரலாற்றில் முதலிடம் பெறுகின்றன. கருவி எதுவுமின்றி வெறுங்கண்ணால் நிகழ்த்தப்படும் நோக்கிற்கு அதில் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. எரிமீன் நோக்கு அவ்வகையைச் சார்ந்தது. எரிமீன் எத்திசையில் எக்கணத்தில் தோன்றும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. தொலைநோக்கி வானின் மிகச் சிறிய பரப்பையே காட்டும். எரிமீனோ ஓரிரு நொடிகளில் வானின் பெரும்பரப்பைக் கடந்து மறையும். ஆதலின் இருளும் பொறுமையும் உறங்காத கண்களுமே இந்நோக்கிற்கு வேண்டுவன. இத்தகைய நோக்கு சங்கச் செய்யுள் முதல் ஐதராபாத்தின் நிசாமியா வானாய்வுக்கூடம் வரை தென்னாட்டில் எவ்வாறு வளர்ந்தது, நிமித்தமாகக் கருதப்பட்ட நிகழ்ச்சி எவ்வாறு கணக்காக மாறியது, அக்கணக்கிற்கு அடிப்படையான இருள் எவ்வாறு அருகி வருகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சொல்லும் பொருளும்

சூரியனைச் சுற்றிவரும் வால்மீன்கள் தம் பாதையில் தூசியையும் மணல் போன்ற துகள்களையும் உதிர்த்துச் செல்கின்றன. புவி ஆண்டுதோறும் அப்பாதையைக் கடக்கும் நாள்களில் அத்துகள்கள் வளிமண்டலத்தில் பெருவேகத்துடன் புகுந்து, ஏறத்தாழ 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்து ஒளிர்கின்றன. இவ்வொளிக்கீற்றே எரிமீன். எரிந்து தீராமல் நிலத்தில் வந்து விழும் கல் விண்கல் எனப்படும். இவ்விரண்டும் வெவ்வேறு பொருள்கள். செய்தித்தாள்களில் வழங்கும் 'விண்கல் மழை' என்னும் தொடர் கற்கள் பொழிவதாக எண்ணச் செய்து, தேவையற்ற அச்சத்திற்கு இடந்தருகிறது. ஆண்டுதோறும் நிகழும் பொழிவுகளில் காணப்படுபவை காற்றிலேயே எரிந்து முடியும் நுண்துகள்களே. எனவே இக்கட்டுரையில் 'எரிமீன் பொழிவு' என்னும் தொடர் ஆளப்படுகிறது. விண்மீனை 'மீன்' என்றே வழங்கிய பழந்தமிழ் மரபிற்கும் இத்தொடர் பொருந்தும்.

ஐதராபாத்தில் இந்நிகழ்ச்சிக்குப் பல மொழிப் பெயர்கள் வழங்குகின்றன. உருதுவில் 'சிஹாபே சாகிப்' என்பர். துளைத்துச் செல்லும் சுடர் என்பது அதன் பொருள். தெலுங்கில் 'உல்க' என்பர். இச்சொல்லின் மூலமாகிய வடசொல் 'உல்கா' தமிழில் உற்கை, உற்கம் என வழங்கியது. ஒரே ஒளிக்கீற்றை ஒரு மொழி அதன் செலவால் பெயரிட, மற்றொன்று அதன் தீயால் பெயரிட்டிருப்பது கருதத்தக்கது.

2. புறநானூற்றில் வீழ்மீன்

தமிழில் எரிமீன் நோக்கைப் பற்றிய மிக விரிவான பழஞ்சான்று புறநானூற்றின் 229ஆம் பாடலாகும். கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது கூடலூர் கிழார் பாடியது அது. ஒரு மீன் வானினின்று வீழக் கண்டு, மன்னனுக்குத் தீங்கு நேருமோ எனப் புலவரும் பிற இரவலரும் அஞ்சியதையும், ஏழாம் நாளில் மன்னன் மறைந்ததையும் பாடல் கூறுகிறது.

இப்பாடலைக் கையறுநிலைச் செய்யுளாக ஆராய்ந்தோர் பலர். இதனை ஒரு நோக்குக் குறிப்பாகவும் படிக்க இடமுண்டு. பங்குனி மாதத்தின் முற்பகுதி, இரவின் நடுப்பொழுது எனக் காலம் சுட்டப்படுகிறது. உச்சியினின்று சாய்ந்த நாண்மீன் ஒன்று, அதற்கு எதிரே எழுந்த மீன் ஒன்று, மேற்கே மறைந்த மீன் ஒன்று என வானின் நிலை மூன்று குறிகளால் வரையறுக்கப்படுகிறது. இவற்றை முறையே உத்தரம், மூலம், மிருகசீரிடம் எனப் பழைய உரை அடையாளம் காட்டும். இம்மூன்றும் ஒன்றற்கொன்று ஏறத்தாழக் கால் வட்ட இடைவெளியில் அமைந்தவை. எனவே உத்தரம் உச்சியை அடையும்போது மூலம் கீழ்வானில் எழுவதும் மிருகசீரிடம் மேல்வானில் மறைவதும் இயல்பே. பங்குனியின் நள்ளிரவுக்கும் இந்நிலை பொருந்தும். வீழ்ந்த மீன் கிழக்கும் செல்லாமல் வடக்கும் செல்லாமல் சென்ற திசையையும் புலவர் விட்டுவிடவில்லை.

காலம், வானின் நிலை, செல்திசை, ஒளியின் தன்மை ஆகியவையே இன்றைய எரிமீன் நோக்கர் தம் குறிப்பேட்டில் பதியும் செய்திகள். கூடலூர் கிழாரின் பாடலில் அவை நான்கும் உள்ளன. அச்சத்தால் தூண்டப்பட்ட நோக்காயினும் அது கூர்மையான நோக்கு. புலவர் தாம் கண்டதைக் கண்டவாறே குறித்தார்; பொருள் கொண்ட முறையில் மட்டுமே அவர் தம் காலத்து நம்பிக்கையைச் சார்ந்து நின்றார்.

புறநானூற்றின் 41ஆம் பாடல் இதனின் வேறுபட்டது. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைக் கோவூர் கிழார் பாடிய அப்பாடலில், பகைவர் நாட்டில் தோன்றும் தீநிமித்தங்களுள் ஒன்றாக எட்டுத் திசையிலும் உற்கம் வீழ்தல் கூறப்படுகிறது. ஒரு மீனின் வீழ்ச்சியை விடுத்துப் பலவற்றின் வீழ்ச்சியைக் குறிப்பதால், பொழிவு என்னும் கருத்திற்கு இது நெருங்கி வருகிறது. ஆயினும் நாளோ பொழுதோ எண்ணிக்கையோ இங்குக் கூறப்படவில்லை. முந்தைய பாடலில் ஒரு மீனுக்குரிய துல்லியம் உண்டு. பிந்தையதில் பன்மை உண்டு. இவ்விரண்டும் ஒன்றிணையும்போதே எரிமீன் அறிவியல் பிறக்கிறது எனலாம்.

3. நிமித்தத்திலிருந்து எண்ணிக்கைக்கு

வடமொழி மரபில் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தம் பிருகத்சம்கிதையில் வானினின்று வீழும் ஒளிகளை ஐந்தாக வகுத்துள்ளார். மேலுலகில் நல்வினைப் பயனை நுகர்ந்து முடித்தோர் வீழும் வடிவமே இவை என்னும் விளக்கமும் அந்நூலில் உண்டு. வடிவம், அளவு, திசை ஆகியவற்றின் அடிப்படையில் வகைப்படுத்தும் முயற்சி அதில் காணப்படினும், வகைகள் யாவும் பலன் கூறுவதற்கே பயன்பட்டன.

வானினின்று கல் விழக்கூடும் என்பதையே ஐரோப்பிய அறிஞர் பலர் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஏற்கவில்லை. அவ்வையத்தை நீக்கியதில் இந்திய நிகழ்ச்சி ஒன்றிற்குப் பங்குண்டு. 1798 டிசம்பர் 19 அன்று காசிக்கு அருகில் கற்கள் விழுந்தன. அவற்றையும் பிற இடங்களில் விழுந்த கற்களையும் எட்வர்டு ஓவர்டு வேதியியல் முறையில் பகுத்தாய்ந்து, அவை தம்முள் ஒத்தும் நிலத்துப் பாறைகளின் வேறுபட்டும் இருப்பதை 1802இல் வெளியிட்டார்.

எரிமீன் பொழிவு தனித் துறையாக உருப்பெற்றது 1833 நவம்பர் 13 வைகறையில் வட அமெரிக்காவில் காணப்பட்ட பெரும்பொழிவிற்குப் பின்னரேயாகும். டெனிசன் ஓம்ஸ்டெட் என்னும் பேராசிரியர் அதனைக் கண்ட பொதுமக்களிடமிருந்து செய்திகளைத் திரட்டினார். எரிமீன்கள் யாவும் சிம்ம விண்மீன் தொகுதியில் ஒரு புள்ளியினின்று விரிவதுபோல் தோன்றியமையை அவர் எடுத்துக்காட்டினார். அப்புள்ளி 'கதிர்ப்புள்ளி' எனப்படும். மகம் என்னும் விண்மீனை அடியாகக் கொண்டு அரிவாள் போல் வளைந்து நிற்கும் மீன்களிடையே அது அமைந்துள்ளது. கூடலூர் கிழார் பாடலின் உரை சுட்டும் உத்தரமும் அதே சிம்மத்தின் வாற்புறத்து மீன்களே.

பொழிவு ஏறத்தாழ 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகும் என்பதை எச். ஏ. நியூட்டன் பழைய குறிப்புகளைக் கொண்டு கணித்தார். அவர் கூறியவாறே 1866 நவம்பரில் ஐரோப்பாவில் பெரும்பொழிவு நிகழ்ந்தது. அதே காலத்தில் கண்டறியப்பட்ட டெம்பல்-டட்டில் வால்மீனின் பாதையும் சிம்மப் பொழிவின் பாதையும் ஒன்றே என்பது தெளிந்தது. ஆகஸ்டில் நிகழும் பெர்சியசுப் பொழிவிற்கும் 1862இன் வால்மீனுக்கும் உள்ள உறவை இத்தாலிய அறிஞர் ஸ்கியாபரெல்லி நிறுவினார். பல நூற்றாண்டுகளாக அரசர்களின் அழிவோடு இணைத்து எழுதிவைக்கப்பட்ட குறிப்புகளே இக்கணிப்புகளுக்கு மூலமாயின என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

4. சென்னைக்கு வந்த தந்தி

எரிமீன் ஆய்வின் வரலாற்றில் தமிழகம் நேரடியாக இடம்பெறும் நிகழ்ச்சி 1872இல் நேர்ந்தது. பியலா என்னும் வால்மீன் 1846இல் இரண்டாகப் பிளவுபட்டுக் காணப்பட்டது. 1852க்குப் பின் அது காணப்படவில்லை. 1872 நவம்பர் 27 இரவில் ஐரோப்பாவில் பெரும் எரிமீன் பொழிவு நிகழ்ந்தபோது, புவி அவ்வால்மீனின் சிதைவுகளினூடே கடந்து செல்கிறது என அறிஞர் கருதினர். வால்மீன் புவியைக் கடந்து சென்றிருப்பின் அது தென்வானில் தோன்ற வேண்டும். ஐரோப்பாவினின்று அப்பகுதியைக் காண இயலாது. ஆகவே ஜெர்மனியின் கொட்டிங்கன் வானாய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளிங்கர்ஃபூசு, சென்னை வானாய்வுக்கூடத்தின் பொறுப்பிலிருந்த நார்மன் போக்சனுக்குத் தந்தி அனுப்பி, செண்டாரசு விண்மீன் தொகுதியின் ஒரு குறிப்பிட்ட மீனருகே தேடுமாறு வேண்டினார்.

அது வடகிழக்குப் பருவமழைக் காலம். முதலில் மேகம் தடுத்தது. டிசம்பர் முதல் வாரத்தில் மேகம் விலகிய வைகறைகளில் போக்சன் அப்பகுதியில் ஒரு வால்மீனைக் கண்டார். அதன்பின் வானம் மீண்டும் மூடிக்கொண்டது. இரண்டு நாள் நோக்கினைக் கொண்டு அதன் பாதையை உறுதியாக வரையறுக்க இயலவில்லை. அவர் கண்டது பியலா அன்று என்பதே பின்னைய கணக்கீடுகளின் முடிவு. தேடியது கிடைக்கவில்லையாயினும் தேடிய இடத்தருகே வேறொன்று கிடைத்த இந்நிகழ்ச்சி வானியல் வரலாற்றின் தீராப் புதிர்களுள் ஒன்றாக நிற்கிறது. இன்னும் ஓர் இரவு வானம் தெளிந்திருப்பின் இப்புதிர் அன்றே தீர்ந்திருக்கும்.

போக்சனின் கீழ்ப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி இவண் குறிக்கத்தக்கவர். 1867இல் மாறொளி மீன் ஒன்றைக் கண்டறிந்த அவர், 1868 ஆகஸ்டு 18இன் முழுச் சூரிய மறைப்பின்போது சென்னை வானாய்வுக்கூடத்தின் தனிக்குழு ஒன்றை நிசாமின் ஆட்சிப் பரப்பிலிருந்த வனபர்த்திக்கு அழைத்துச் சென்றார். அவ்வூர் இன்று தெலங்கானாவில் உள்ளது. 1874 டிசம்பர் 9இல் நிகழ்ந்த வெள்ளிக் கடப்பை விளக்கித் தமிழிலும் பிற மொழிகளிலும் அவர் சிறுநூல் வெளியிட்டார். வான நிகழ்ச்சியை அச்சமின்றிக் காணுமாறு பொதுமக்களை அவர்தம் மொழியிலேயே அழைத்த முயற்சி அது. சென்னைக்கும் ஐதராபாத் பகுதிக்கும் இடையிலான வானியல் தொடர்பு நிசாமியா நிறுவப்படுவதற்கு முன்பே தொடங்கிவிட்டதையும் இது காட்டுகிறது.

5. நிசாமியா வானாய்வுக்கூடம்

ஐதராபாத்தின் பிரபுக்களுள் ஒருவரான நவாப் சஃபர் சங் இங்கிலாந்தினின்று 15 அங்குல விட்டமுடைய கிரப் தொலைநோக்கியை வாங்கி, 1901இல் பிசல் பண்டாவிலுள்ள தம் மாளிகையில் ஒரு வானாய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அதற்கு நிசாமின் பெயரால் நிசாமியா எனப் பெயரிடப்பட்டது. 1907இல் அவர் மறைந்தபின், 1908இல் நிசாம் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. ஆர்தர் சாட்வுட் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். வானாய்வுக்கூடம் நகருக்குப் புறத்தே அமைந்திருந்த பேகம்பேட்டைக்கு மாற்றப்பட்டது.

உலக வானாய்வுக்கூடங்கள் பல இணைந்து வான முழுமையையும் ஒளிப்படத் தட்டுகளில் பதியும் பெருந்திட்டம் ஒன்று அக்காலத்தில் நடைபெற்றது. அதில் ஐதராபாத்தும் பங்கேற்றது. தென்வானில் 17 முதல் 23 பாகை வரையிலான பகுதியும், பின்னர் வடவானில் 36 முதல் 39 பாகை வரையிலான பகுதியும் அதற்கு ஒதுக்கப்பட்டன. 8 அங்குல ஒளிப்படத் தொலைநோக்கியால் எடுக்கப்பட்ட தட்டுகளை அளந்து 7,60,000க்கு மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடங்களை 12 தொகுதிகளாக நிசாமியா வெளியிட்டது. சாட்வுட், அவருக்குப் பின் வந்த இராபர்ட் போகாக் (1914-1918), டி. பி. பாஸ்கரன் (1918-1944) ஆகியோர் காலத்து உழைப்பின் பயன் அது. 1919இல் நிசாமியா உசுமானியாப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது.

1918இல் தொடங்கப்பெற்ற உசுமானியாப் பல்கலைக்கழகம் உருது மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டது. அறிவியல் நூல்களை மொழிபெயர்க்கவும் கலைச்சொற்களை ஆக்கவும் அங்கு ஒரு மொழிபெயர்ப்புத் துறை இயங்கியது. உயர்கல்வி அறிவியலை இந்திய மொழி ஒன்றில் கற்பிக்க இயலும் என்பதை நடைமுறையில் காட்டிய இம்முயற்சி தமிழ்க் கலைச்சொல்லாக்க வரலாற்றை ஆராய்வோர் ஒப்புநோக்கத்தக்கது. எரிமீன் நோக்கில் ஐதராபாத்திற்குப் பெயர் தேடித்தந்தவர் இப்பல்கலைக்கழகத்தின் சூழலினின்றே தோன்றினார்.

6. வெறுங்கண் நோக்கர்

உசுமானியாப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய முகமது அப்துர் ரகுமான் கான் எரிமீன்களிலும் விண்கற்களிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். 1930களிலும் 1940களிலும் அவர் எழுதிய ஆய்வுக் குறிப்புகள் வெளிநாட்டு அறிவியல் இதழ்களில் இடம்பெற்றன. மக்காவிலுள்ள கஃபாவின் கருங்கல் விண்கல்லோ என்னும் வினாவை ஆராயும் அவருடைய கட்டுரை 1938இல் அமெரிக்காவின் 'பாப்புலர் அஸ்ட்ரானமி' இதழில் வெளிவந்தது. அறிவியலுக்கு இசுலாமியர் ஆற்றிய பங்கைப் பற்றியும் அவர் நூல் எழுதினார். சமய மரபையும் வான அறிவையும் ஒருங்கே கற்ற அவர், வானினின்று வந்ததாகக் கருதப்படும் பொருளை ஆய்வுக்கு உட்படுத்தத் தயங்கவில்லை.

இந்நோக்கின் பயன் யாது என்னும் வினா எழலாம். எரிமீன் பொழிவைப் புவியின் ஓரிடத்தினின்று மட்டும் நோக்கினால் கிடைக்கும் சித்திரம் முழுமையுறாது. ஐரோப்பாவில் பகலாக இருக்கும்போது நிகழும் பெருக்கம் ஐரோப்பிய நோக்கர்க்குத் தெரியாது. அமெரிக்காவிற்கும் அது பொருந்தும். 24 மணி நேரமும் தொடரும் பதிவிற்கு உலகைச் சுற்றிலும் நோக்கர் வேண்டும். ஏறத்தாழ 78 பாகைக் கிழக்கு நெடுவரையில் அமைந்த ஐதராபாத்தினின்று கிடைத்த குறிப்புகள் அச்சங்கிலியின் ஒரு கண்ணியாயின. விலையுயர்ந்த கருவியால் தட்டுகளில் விண்மீன்களை அளந்த அதே நகரத்தில், கருவியின்றிச் செய்யும் நோக்கிற்கும் அறிவுலகில் மதிப்பிருந்தது.

நிசாமியாவில் உதவியாளராகப் பணியாற்றிய எம். கே. பாப்புவின் மகன் வேணு பாப்பு 1927 ஆகஸ்டு 10இல் சென்னையில் பிறந்து, ஐதராபாத்தில் அவ்வானாய்வுக்கூடத்தின் சூழலில் வளர்ந்தவர். நிசாம் கல்லூரியில் பயின்ற காலத்திலேயே மாறொளி மீன்களை நோக்கிக் கட்டுரை வெளியிட்டார். ஐதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று ஆர்வர்டு பல்கலைக்கழகம் சென்ற அவர், 1949இல் எடுத்த ஒளிப்படத் தட்டில் ஒரு புதிய வால்மீனைக் கண்டறிந்தார். அது பாப்பு-போக்-நியூகிர்க் வால்மீன் எனப்படுகிறது. 1960இல் கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்ற அவர், பின்னர் சவ்வாது மலையில் காவலூர் வானாய்வுக்கூடத்தை உருவாக்கினார். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னையில் பிறந்து, ஐதராபாத்தின் இருண்ட வானில் விண்மீன்களைக் கற்று, மீண்டும் தமிழகத்தின் இருளைத் தேடி வந்த வாழ்க்கை அது.

7. வைகறையும் பருவமும்

எரிமீன் நோக்கிற்கு வைகறையே சிறந்த பொழுது என்பதற்குப் புவியின் இயக்கம் காரணமாகும். புவி நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. நள்ளிரவிற்குப் பின் நோக்கர் நிற்கும் பகுதி, புவி செல்லும் திசையை நோக்கித் திரும்புகிறது. மழையில் விரைந்து செல்லும் வண்டியின் முன்கண்ணாடியிலேயே துளிகள் மிகுதியாக மோதும். பின்கண்ணாடியில் அவை குறைவு. அதுபோல வைகறையில் துகள்கள் மிகுதியாகவும் வேகமாகவும் எதிர்ப்படுகின்றன. புவிக்கு ஏறக்குறைய நேரெதிராக வரும் சிம்மப் பொழிவின் துகள்கள் நொடிக்கு 71 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்தைத் தாக்குகின்றன.

ஐதராபாத்தின் அகலாங்கு ஏறத்தாழ 17.4 பாகை வடக்கு. நவம்பர் 17, 18 நாள்களில் உச்சமுறும் சிம்மப் பொழிவின் கதிர்ப்புள்ளி அங்கு நள்ளிரவை ஒட்டி எழுந்து, விடியும் வேளையில் உச்சிவானை நெருங்குகிறது. டிசம்பர் 13, 14 நாள்களின் மிதுனப் பொழிவிற்குரிய கதிர்ப்புள்ளி பின்னிரவு 2 மணியளவில் 74 பாகை உயரத்தை எட்டுகிறது. ஆகஸ்டு 12, 13இன் பெர்சியசுப் பொழிவோ ஐதராபாத்தில் 50 பாகை உயரத்தைக்கூட எட்டுவதில்லை. தென்மேற்குப் பருவமழையின் மேகமும் அப்போது வானை மறைக்கும்.

தமிழகத்தின் நிலை இதனின் வேறானது. சிம்மப் பொழிவும் மிதுனப் பொழிவும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிகழ்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மேகம் 1872இல் போக்சனைத் தடுத்தது போலவே பிற ஆண்டுகளிலும் நோக்கரைத் தடுக்கும். தக்காணத்தின் உட்பகுதியில் அமைந்த ஐதராபாத்தில் அம்மாதங்களில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். காவலூரும் ஐதராபாத்தும் ஏறத்தாழ ஒரே நெடுவரையில் அமைந்தவை. ஒரே மீன் இரண்டிடத்தும் ஏறக்குறைய ஒரே பொழுதில் உச்சி கடக்கும். ஆயினும் எரிமீன் நோக்கிற்கு அவற்றின் பருவங்கள் வெவ்வேறு. கூடலூர் கிழார் கண்ட மீன் தமிழகத்தின் வானம் தெளிந்திருக்கும் பங்குனியில் வீழ்ந்தது என்பதும் இங்குப் பொருத்திப் பார்க்கத்தக்கது. பெரும்பொழிவுகள் நிகழாத மாதம் அது. தனித்து வீழ்ந்த ஒரு மீனே பாடுபொருளாயிற்று.

8. கணிப்பும் தவறிய பொழுதும்

1866இன் கணிப்பு பலித்ததால் 1899இல் உலகமே பெரும்பொழிவை எதிர்நோக்கியது, அது நிகழவில்லை. கோள்களின் ஈர்ப்பால் துகள்நெறி விலகியதே காரணம். ஒரு நூற்றாண்டு கழித்து, வால்மீன் ஒவ்வொரு வருகையிலும் உமிழ்ந்த துகள்நெறியைத் தனித்தனியே கணக்கிடும் முறையை இராபர்ட் மெக்நாட், டேவிட் ஆஷர் ஆகியோர் பயன்படுத்தினர். 1999 நவம்பர் 18இல் பெருக்கம் நிகழும் நேரத்தை அவர்கள் சில நிமிட வேறுபாட்டிற்குள் முன்கூறினர். இந்திய நேரப்படி அது காலை 7.32 மணி. ஐதராபாத்தில் அப்போது சூரியன் எழுந்துவிட்டது. அன்றைய வைகறையில் விழித்திருந்தோர் கண்டது பொழிவின் முன்னோட்டம் மட்டுமே.

2001இல் கிழக்காசியாவில் நவம்பர் 18 இரவு ஒரு பெருக்கம் நிகழ்ந்தது. 1699, 1866 ஆம் ஆண்டுகளின் வருகையில் வால்மீன் உமிழ்ந்த துகள்கள் அதற்குக் காரணமாயின. அதன் உச்சம் இந்திய நேரப்படி நள்ளிரவுக்குச் சற்று முன்னர் அமைந்தது. ஐதராபாத்தில் கதிர்ப்புள்ளி நள்ளிரவிற்குச் சற்றுப் பின்னரே எழுகிறது. எனவே கதிர்ப்புள்ளி உயர உயரப் பொழிவு குறைந்துகொண்டு வந்தது. கணிப்பு எத்துணைத் துல்லியமாயினும் பொழிவு எவ்வூரின் வைகறையில் நிகழும் என்பது புவியின் சுழற்சியைப் பொறுத்தது. ஓரூரின் நோக்கர் ஒரு பெரும்பொழிவைக் காணப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். ஆண்டுதோறும் விழித்திருந்து சிறு எண்ணிக்கைகளையும் பதிந்தோரின் உழைப்பை இவ்வுண்மையைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

9. அருகிய இருள்

விண்மீன் ஒளியைத் தரப்படுத்தும் இன்றைய அளவுமுறையை 1856இல் வகுத்தவர் பின்னாளில் சென்னைக்கு வந்த அதே போக்சன். ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் ஏறத்தாழ 2.512 மடங்கு ஒளி வேறுபாடு உண்டு. நல்ல இருளில் 6.5 தரம் வரையிலான மீன்கள் வெறுங்கண்ணுக்குப் புலனாகும். நகர ஒளியால் அவ்வெல்லை ஒவ்வொரு தரமாகக் குறையும்போது, காணத்தக்க மிதுன எரிமீன்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 2.6இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. கதிர்ப்புள்ளி உயர்ந்து நிற்கும் பொழுதில், நல்ல இருளில் ஒரு நோக்கர் மணிக்கு 115 எரிமீன்களைக் காண்பதாகக் கொள்வோம். எல்லை 4.5 தரமாகக் குறையின் அவர் காண்பது 17, 3.5 தரமாகக் குறையின் 6 அல்லது 7. துகள்கள் முன்போலவே எரிகின்றன. அவற்றைக் காணும் வாய்ப்பே குறைகிறது.

நகர்ப்புறத்தே அமைந்திருந்த பேகம்பேட்டை நாளடைவில் நகரின் நடுப்பகுதியாயிற்று. அதன் விளைவாக உசுமானியாப் பல்கலைக்கழகம் 48 அங்குலத் தொலைநோக்கியை நகரினின்று 50 கிலோமீட்டருக்கும் அப்பால் சபல்-ரங்காபூரில் 1968இல் நிறுவியது. 1980 பிப்ரவரி 16இன் முழுச் சூரிய மறைப்பு அவ்விடத்தினின்று நோக்கப்பட்டது. தொலைநோக்கி இருளைத் தேடி இடம்பெயர்ந்தது. வெறுங்கண் நோக்கர்க்கு அவ்வாறு இடம்பெயரும் வசதி எளிதன்று. நகரில் வாழும் அவர், நகரின் வானையே நோக்க வேண்டியவராகிறார். 1985இல் நௌபத் பகாடில் பிர்லா கோளரங்கம் தொடங்கப்பெற்றது. குவிமாடத்தின்கீழ் அது காட்டும் விண்மீன்களை, அதே குன்றின்மேல் நின்று இரவில் காண இயலாத நிலை இன்று உள்ளது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. புறநானூற்றின் 229ஆம் பாடல் நிமித்த நம்பிக்கையைச் சார்ந்ததாயினும், காலம், வானின் நிலை, செல்திசை ஆகியவற்றைக் குறித்த வகையில் துல்லியமான நோக்குக் குறிப்பாகவும் கொள்ளத்தக்கது. 19ஆம் நூற்றாண்டில் எண்ணிக்கையும் கதிர்ப்புள்ளியும் கருத்தில் கொள்ளப்பட்டபோது எரிமீன் நோக்கு அறிவியலாயிற்று. அதன் ஒரு முக்கிய நிகழ்ச்சியில் சென்னை பங்கேற்றது. தக்காணத்தின் தெளிந்த வானமும், நிசாமியா வானாய்வுக்கூடமும், தாய்மொழிவழி அறிவியலில் நம்பிக்கை கொண்ட பல்கலைக்கழகமும் ஒருங்கே அமைந்தமையால் ஐதராபாத் அந்நோக்கிற்கு ஏற்ற இடமாக விளங்கியது. அங்குத் தொடங்கிய மரபு வேணு பாப்புவின் வழியே தமிழகத்து மலைகளை வந்தடைந்தது.

டெம்பல்-டட்டில் வால்மீன் 2031இல் மீண்டும் சூரியனை அணுகும். அதனை ஒட்டிய ஆண்டுகளில் நவம்பர் வைகறைகளில் விழித்திருப்போர்க்குக் கணிப்பு அட்டவணைகள் குறையின்றிக் கிடைக்கும். இருள் கிடைக்குமா என்பதை நகரங்களே முடிவு செய்யும். கூடலூர் கிழார் ஒரு மீன் வீழக் கண்டு ஏழு நாள் அஞ்சினார். அவ்வச்சம் இன்று நீங்கிவிட்டது. அவர் கண்ட வானமும் அதனோடு நீங்கிவிடாமல் காப்பது இக்காலத்தின் கடமையாகும்.